எங்கட காற்றுக்கு ஒரு சாட்சி வேணும்

2022 டிசம்பர் 8. அன்று விடிய சுருவிலில் எழும்பின எல்லாரும் முதலில் நினைத்தது பனி என்றுதான். மார்கழி பிறக்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. வளவுக்கு அங்கால நின்ற பனைகளின் வட்டுத் தெரியவில்லை. ஆனால் பனி என்றால் வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். இது பத்து மணிக்கும் நின்றது. தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குத் தொய்வு. அவ விடியக்காலையிலேயே சொல்லிப்போட்டா: "இது பனியில்லைப் பிள்ளை, புகை. எனக்கு மணக்குது."

வீட்டில ஒருத்தரும் அதைக் காதில போடவில்லை. கடலில மாண்டஸ் புயல் நின்ற நாள், வடக்கில மாடுகள் குளிரில் விறைச்சுச் செத்த நாட்கள். எல்லாம் குளிர்தான் என்று எல்லாரும் முடிவெடுத்தாச்சு. பிறகுதான் செய்தி வந்தது: காற்று மாசு கூடியிருக்கு, மறுநாள் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் இல்லை. ஏ.எல். சோதினைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஒரு லீவு நாள். அம்மம்மாவுக்கு அது தான் சொன்னது சரி என்ற நாள். "அப்ப நான் சொல்லேக்க?" என்று மட்டும் கேட்டா.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் நாங்களும் கேட்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர கருவிகள் சொன்ன பிறகுதான் அம்மம்மாவின் மூக்கை நாங்கள் நம்பினோம். சுருவிலில் எங்களுக்குத் தெரிஞ்சு ஒரு கருவியும் இல்லை. அந்தப் புகை எங்கேயிருந்து வந்தது, அதில என்ன இருந்தது, எங்கட ஊரில எவ்வளவு இருந்தது என்று எங்களால் இன்றைக்கும் சொல்ல ஏலாது. இந்தியாவில இருந்து வந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. ஊருக்குள்ள காவோலை கொளுத்தினவையை ஆக்கள் ஏசினவை. இரண்டிலும் உண்மை இருக்கலாம், ஆனால் எது எவ்வளவு?

எங்கட கருத்தை முதலே சொல்லிவிடுகிறோம். தீவுப் பகுதிக்குக் காற்றை அளக்கும் நல்ல கருவி வேணும். அதைக் கேட்கிற வேலையில் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கு.

ஒரு கிராமத்தின் மங்கலில் தொடங்கின கதை

இப்படியொரு கேள்வியை எங்களுக்கு முதலே ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் ஜேம்ஸ் லவ்லொக். இங்கிலாந்தின் வில்ற்ஷயரில் பவர்சோக் என்ற சின்னக் கிராமத்தில் இருந்தவர். அவருடைய சின்ன வயதில் கோடைகாலத்தில் தூரம் தெளிவாகத் தெரியுமாம். 1960களில் அதே கிராமத்தில் கோடை வந்தால் மங்கல். இது இயற்கையா, நகரங்களில இருந்து வாற புகையா? கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. மனிதர் செய்த காற்றுத்தான் என்பதற்கு ஒரு அடையாளம் வேணும். இயற்கையில் எங்கேயும் இல்லாத, தொழிற்சாலையில் மட்டும் பிறக்கிற ஒரு வாயுவைப் பிடித்தால் அதுதான் அடையாளம். அவர் தேர்ந்தெடுத்தது குளோரோபுளோரோகாபன், சுருக்கமாக சி.எஃப்.சி. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் ஸ்பிரே போத்தலுக்குள்ளும் இருந்த வாயு.

அதைப் பிடிக்கிற கருவி அவரிடம் ஏற்கனவே இருந்தது. 1957இல் அவரே செய்த இலத்திரன் கவர் உணரி. ஆள் உள்ளங்கையில் வைக்கக்கூடிய சாமான். வேலை செய்யும் விதமும் எளிது. ஒரு சின்ன அறை, அதற்குள் மெல்லிய கதிர்த்தொழிற்பாட்டுத் தகடு. தகட்டிலிருந்து வரும் கதிர் நைதரசனில் மோதி இலத்திரன்களை உண்டாக்கும். அவை ஒரு சீரான மின்னோட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் போன்ற அணுக்கள் உள்ள மூலக்கூறு ஒன்று உள்ளே வந்தால் அது இலத்திரனைக் கவ்விக்கொள்ளும். ஓட்டம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு வந்தது என்று தெரியும். காற்றில் உள்ள வாயுக்களை முதலே வரிசையாகப் பிரித்து அனுப்ப இன்னொரு நீண்ட குழாய். அவ்வளவுதான்.

1971இல் ஷக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் அந்தக் கருவியை ஏற்றிக்கொண்டு பிரித்தானியாவில இருந்து அந்தாட்டிக்கா பக்கம் போனார். நடுக்கடலிலும் சி.எஃப்.சி. இருந்தது. அளவு, இலட்சம் கோடி மூலக்கூறில் சில பத்து. இதை எங்கட கணக்கில் சொன்னால்: நூறு பரப்புக் குளம் ஒன்று, அதில ஆறரை அடித் தண்ணி. அதற்குள் ஒரு துளி மை விட்டால் அதுதான் இலட்சம் கோடியில் ஒன்று. அப்படி நாற்பது, ஐம்பது துளி. அதை அந்தக் கையளவு சாமான் கண்டுபிடித்தது.

இந்த இடத்தில் எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. அளந்த லவ்லொக் 1973இல் முடிவை வெளியிட்டபோது, இந்த அளவால் எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதினார். பிறகு அதற்காக வருந்தினார். அடுத்த வருசம், 1974இல், மரியோ மொலினாவும் ஷேர்வூட் ரோலண்டும் இந்த வாயு மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று சொன்னார்கள். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1995இல் அவர்களுக்கும் போல் குருட்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லவ்லொக் 2022இல், தன்னுடைய 103ஆவது பிறந்தநாளிலேயே காலமானார்.

அதாவது கருவி எண்ணைத் தரும், எண்ணின்ர அர்த்தத்தைத் தராது. அர்த்தத்தை மனிசர்தான் வாதாடிக் கண்டுபிடிக்க வேணும். ஆனால் எண்ணே இல்லையென்றால் வாதாடவும் ஒன்றும் இல்லை.

சென்னையில் பிறந்த ஒருவர், மாலைதீவில் ஒரு தீவு

இந்தக் கதைக்குள் ஒரு தமிழரும் இருக்கிறார். வீரபத்திரன் ராமநாதன், 1944இல் சென்னையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு செக்கந்தராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டிகளில இருந்து அந்தக் குளிரூட்டும் வாயு ஏன் இப்படிக் கசியுது என்று பார்க்கிறது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கா போன பிறகு, கசிந்துபோன அதே வாயு வெப்பத்தையும் பிடித்துவைக்கும் என்று கணக்கிட்டார். 1975இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின்படி ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு பல ஆயிரம் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும்.

எங்களுக்கு இன்னும் கிட்டின கதை அவர் பிறகு செய்ததுதான். 1999இல் அவரும் குருட்சனும் தலைமை தாங்கிய இந்து சமுத்திரப் பரிசோதனை. கப்பல், விமானம், செய்மதி எல்லாம் இருந்தன. ஆனால் தரையில் முக்கியமான இடம் மாலைதீவின் காசிதூ என்ற சின்னத் தீவு. நாலு பக்கமும் கடல், பெரிய தொழிற்சாலை ஒன்றும் இல்லை. அங்கே தை, மாசி, பங்குனி மாதங்களில் காற்று மங்கிப்போய் இருந்தது. தெற்காசியப் பெருநிலத்தில இருந்து வாகனமும் அடுப்பும் வயலும் தொழிற்சாலையும் விட்ட புகை கடலைத் தாண்டி அங்கே போயிருந்தது. கடலில் விழுகிற வெயிலையே அது குறைத்தது.

2022 டிசம்பரில் சுருவிலில் நாங்கள் பார்த்தது அந்தப் புகையின்ர உறவாக இருக்கலாம். வாடைக்காற்று காலத்தில் வங்காள விரிகுடாவும் இந்தியாவும் எங்களுக்கு மேல்காற்றுப் பக்கம். ஆனால் "இருக்கலாம்" என்பதுக்கு மேலே ஒரு சொல் சொல்ல எங்களிடம் எண் இல்லை.

தீவு என்றால் சும்மா ஒரு மூலை இல்லை

தீவுப் பகுதியைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் "பின்தங்கின", "ஒதுக்குப்புறமான" என்ற சொற்கள்தான் வரும். காற்றை அளக்கிற ஆக்களுக்கு அந்த ஒதுக்குப்புறம்தான் தங்கம். பக்கத்தில் புகை இல்லாத இடத்தில்தான் தூரத்துப் புகையைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு உதாரணம் போதும். சி.எஃப்.சி. 11 என்ற வாயுவின் உற்பத்தி 2010ஓடு உலகம் முழுக்க நிறுத்தப்பட்டிருக்க வேணும். 2018இல் விஞ்ஞானிகள் ஒரு செய்தி சொன்னார்கள்: காற்றில் அதன் அளவு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாக விடுகிறார்கள். யார்? 2019இல் விடை வந்தது. புதிதாகக் கூடினதில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவில இருந்து. அதைக் காட்டிக்கொடுத்தவை இரண்டு அளவை நிலையங்கள். ஒன்று தென்கொரியாவின் ஜேஜு தீவில் கோசான். மற்றது யப்பானின் ஹத்தெருமா, சில நூறு பேர் மட்டும் இருக்கிற தீவு. அதற்குப் பிறகு அந்த வெளியேற்றம் குறைந்தது என்று 2021இல் அதே அளவீடுகள் காட்டின.

சில நூறு பேர் இருக்கிற ஒரு தீவில் வைத்த கருவியால் ஒரு பெரிய நாட்டைப் பதில் சொல்ல வைக்க முடிந்தது. "இந்தியாவில இருந்து வாற புகையை அளந்து நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்கிறவைக்கு எங்கட பதில் இதுதான். எல்லை தாண்டும் காற்று மாசு பற்றித் தெற்காசிய நாடுகள் 1998இல் மாலே பிரகடனத்தில் இணைந்தன. இந்தியாவும் உண்டு, இலங்கையும் உண்டு. காகிதம் இருக்கு. மேசையில் வைக்க எண்தான் வேணும்.

கருவி எண்டால் கடவுள் இல்லை

கருவி வந்தால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதுக்கும் பாடம் இருக்கு.

2008 நவம்பர் 14 அன்று சந்திரயான் 1இல இருந்து ஒரு பெட்டி பிரிந்து சந்திரனின் தென்முனைப் பக்கம் விழுந்தது. விழ எடுத்த ஏறக்குறைய 25 நிமிசமும், அதற்குள் இருந்த 'சேஸ்' என்ற கருவி சந்திரனின் மிக மெல்லிய வளியை முகர்ந்துகொண்டே போனது. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் செய்த கருவி. நீராவியின் தடத்தை அது பதிந்தது. அது விழுந்த இடம் ஷக்கிள்டன் பள்ளத்துக்குக் கிட்ட. லவ்லொக்கின் கப்பலுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் ஒரே ஆளின் பெயர்.

2013இல் ஏவிய மங்கள்யானில் இன்னொரு கருவி போனது. செவ்வாயில் மெதேன் இருக்கா என்று பார்க்க. போய்ச் சேர்ந்த பிறகுதான் மெதேனை மற்ற வாயுவிலிருந்து சரியாகப் பிரித்தறிய அந்த வடிவமைப்புப் போதாது என்று தெரிந்தது. பிறகு அதைச் செவ்வாயின் தரை ஒளியைத் தெறிக்கும் அளவைப் படமாக்கப் பயன்படுத்தினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாசாவின் கியூரியோசிற்றி தரையில் மெதேனைக் கண்டது என்கிறது, ஐரோப்பாவின் சுற்றுக்கலம் மேலே இருந்து பார்த்து அப்படி ஒன்றையும் காணவில்லை என்கிறது. இரண்டும் உலகத்தின் மிகத் திறமான கருவிகள். எண் வந்தவுடன் நம்புகிறதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

இதை நாங்கள் சுருவிலிலேயே படித்தோம். தெரிஞ்ச அண்ணா ஒருவரிட்ட ஒரு சின்னத் துணிக்கை உணரியை இரவல் வாங்கி, அம்மம்மா வீட்டு விறாந்தையில் மூன்று கிழமை வைத்தோம். மலிவான சாமான். காற்றுக்குள் ஒளியை விட்டு, அது எவ்வளவு சிதறுது என்று பார்த்து, 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கையின் அளவைச் சொல்லும். நுரையீரலின் அடி வரைக்கும் போகிற துணிக்கை அது. முதல் இரண்டு நாளும் எங்களுக்குப் பெரிய விஞ்ஞானிகள் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் விடிய எண் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. புகை மணமே இல்லை. பிறகுதான் விளங்கினது, ஈரக் காற்று. கடல் உப்புத் துணிக்கை ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதின துணிக்கை ஒளியைக் கூடச் சிதறும். உணரி அதைப் புகை என்று நினைக்கும். கடல் சூழ்ந்த ஊரில் இந்த வகை உணரியைத் திறமான ஒரு கருவிக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்தாமல் நம்ப ஏலாது.

ஆனால் பின்னேரங்களிலும் எண் ஏறினது. காய்ந்த பின்னேரங்களிலும். அது உப்பு இல்லை. எங்கட வீட்டிலேயே கஞ்சலும் காவோலையும் பொலித்தீனும் கூட்டிக் கொளுத்துகிற நேரம் அது. கொளுத்துகிற இடம் எது என்றால், அம்மம்மாவின் அறை யன்னலுக்கு நேரே. வருசக்கணக்காக. அவ இரவில் இருமுகிறதுக்கு நாங்கள் பனியையும் வயதையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த எண் சரியா பிழையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த நேரம் ஏறுது என்பது போதுமாக இருந்தது. இப்ப அந்த மூலையில் ஒருத்தரும் நெருப்பு வைக்கிறதில்லை. பொலித்தீன் கொளுத்துகிறதே இல்லை. அம்மம்மாவின் தொய்வு மாறிவிட்டது என்று நாங்கள் கதை விட மாட்டோம். யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கிறா, அவ்வளவுதான்.

தண்ணியே இல்லாத இடத்தில் காற்றுக் கருவியா?

இந்தக் கேள்வியை எங்கட ஆக்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பவுசர் வாற நாளைப் பார்த்திருக்கிற ஊர்களில் இது வசதிக்காரர் கதை போலத்தான் இருக்கும்.

ஆனால் சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கோ. கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் மணக்குது என்று சனம் முதலில் மூக்கால்தான் சொன்னது. எண்ணெய் இருக்கு என்றது ஒரு அறிக்கை, ஆபத்தான அளவில் இல்லை என்றது இன்னொரு அறிக்கை. சனம் வீதியில் இருந்தது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் அங்கே இருந்த தனியார் மின்நிலையம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேணும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் பேசினது ஆய்வுகூட எண்கள். தண்ணிக்கும் காற்றுக்கும் ஒரே இலக்கணம்தான். யார் அளக்கிறது, எப்படி அளக்கிறது, முடிவை யார் பார்க்கலாம்? இந்த மூன்றும் சனத்தின் கையில் இல்லாவிட்டால் கஷ்டத்தையும் பட்டு, அது கஷ்டம்தான் என்று நிரூபிக்கவும் வேண்டிவரும்.

"இது எங்கட ஆக்கள் செய்யிற வேலை இல்லை" என்றும் சொல்லுவினம். காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும நாசாவின் ஆய்வுகூடத்தில் இருந்து, அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லுக்குள் அமினோ அமிலத்தின் தடத்தை 1970இல் கண்ட குழுவில் ஒருவர். இந்த நாட்டுக்கு இது புது வேலை இல்லை.

நாங்கள் கேட்கிறது

பெரிசாக ஒன்றும் இல்லை. தீவுப் பகுதியில் எங்காவது ஒரு இடத்தில் தரமான, ஒழுங்காகத் திருத்திப் பேணப்படுகிற ஒரு நிலையம். துணிக்கையின் அளவை மட்டும் சொல்லாமல், வடிதாளில் பிடித்து அதுக்குள் என்ன இருக்கு என்றும் பார்க்கிற நிலையம். ஓலையும் விறகும் எரிந்தால் லெவோகுளுக்கோசன் என்ற ஒரு பொருள் மிஞ்சும். டீசல் என்றால் கரிய காபன். கடல் என்றால் சோடியமும் குளோரினும். இந்தத் தடங்களைப் பார்த்தால் எது எங்கட புகை, எது வந்த புகை என்று கணக்குப் பிரிக்கலாம். அதைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களில் மலிவான உணரிகள், அந்த நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினவை. முடிவுகள் தமிழில், எல்லாரும் பார்க்கிற மாதிரி. இலங்கையின் நியமம் ஒரு நாளைக்குக் கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராம், உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 15. இந்த இரண்டு எண்ணும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேணும்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியில் ஓடின தீவுகள். அங்கே சூரிய, காற்று மின்சாரம் வைக்க இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. நல்ல விசயம். ஆனால் டீசல் நிற்கிறதுக்கு முதல் காற்றை அளக்காவிட்டால், நின்ற பிறகு என்ன மாறினது என்று எக்காலத்திலும் சொல்ல ஏலாது. போன காற்றைத் திரும்பக் கூப்பிட்டு அளக்க முடியாது.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், பாதி வேலை எங்கடதுதான். எந்த நாள் என்ன காற்று, எந்த வளவில் என்ன கொளுத்தினது, எந்த வீட்டில் யாருக்கு இழுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறது எங்களால் ஏலும். வயது போன ஆக்களிட்ட முந்தி மார்கழியில் எதுவரைக்கும் கண் தெரிந்தது என்று கேட்டு எழுதலாம். கருவி வரும்வரைக்கும் அந்தக் கொப்பிதான் எங்கட சாட்சி. கருவி வந்த பிறகு அதன் எண்ணைத் திருத்தி வாசிக்கவும் அந்தக் கொப்பிதான் உதவும்.

நாங்கள் சுருவிலில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் 2022 டிசம்பர் 8 என்று போட்டு, அம்மம்மா அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம். உங்கட ஊரிலும் ஒரு கொப்பி வாங்குங்கோ.